அடித்தும் தண்ணீர் வரவில்லையா? மலாவி கிராமத்து அடிபம்புக்கு அறிகுறிப்படி ஒரு பழுது நீக்கும் வழிமுறை

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் போர்வெல் அடிபம்பை 'ம்ஜிகோ' என்கிறார்கள். "ம்ஜிகோ கெட்டுப்போச்சு" என்று ஆள் வந்து சொன்னால் அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ரப்பர் வளையம் ஒன்று தேய்ந்திருந்தாலும் இதே வார்த்தைதான். கிணறு வற்றியிருந்தாலும் இதேதான். பம்பைப் பராமரிக்கும் ஊர்க் கமிட்டியின் பணம் காணாமல் போயிருந்தாலும் இதேதான். அதனால் எந்தப் பாகம் கெட்டது என்று தொடங்காமல், பம்படியில் நிற்பவரின் கைக்கும் கண்ணுக்கும் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர்க் கமிட்டிக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கும், பணம் திரட்டி அங்கே கிணறு போட்டுக் கொடுத்துவிட்டு "இப்போது ஏன் ஓடவில்லை?" என்று குழம்புகிறவர்களுக்கும் உதவும்.

நான் சொல்லப் போவது ஆஃப்ரிடெவ் பம்பைப் பற்றி. மலாவியின் ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் நிற்பது இதுதான். கைப்பிடியை மேலும் கீழும் நேராக இழுக்கும் பம்பாக இருந்தால் அது மால்டா, ஆழம் குறைந்த கிணறுகளுக்கானது. இந்தக் குறிப்பு அதற்குப் பொருந்தாது.

நம் ஊர் மார்க் 2 பம்பைப் பிரித்துப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். மார்க் 2-இல் வாஷர் மாற்ற வேண்டுமென்றால் இரும்பு பைப் மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும். முக்காலி, கிளாம்ப், நாலைந்து ஆள், ஒரு வண்டி. அந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் 1980-களில் கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்த்து மார்க் 3-ஐக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் அதே எண்ணத்தோடு மலாவியிலும் கென்யாவிலும் உருவானது ஆஃப்ரிடெவ். இதன் பைப் 63 மி.மீ. பிவிசி, கீழே உள்ள சிலிண்டரின் உள் விட்டம் 50 மி.மீ. சிலிண்டருக்குள் ஏறி இறங்கித் தண்ணீரைத் தூக்கும் பிளஞ்சரும், அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வும் பைப்புக்குள்ளாகவே மேலே வந்துவிடும், பைப்பைத் தொட வேண்டாம். கையில் ஒரு ஸ்பானரும் ஃபுட் வால்வைப் பிடித்துத் தூக்கும் கொக்கியும் இருந்தால் போதும்.

திறப்பதற்கு முன்னால் இரண்டு எண்

பழுது என்றதும் ஸ்பானரை எடுப்பது தப்பு. முதலில் எண்ணுங்கள்.

முதல் எண்: 20 லிட்டர் வாளி எத்தனை அடியில், அதாவது கைப்பிடியை எத்தனை தடவை அடித்தால், நிரம்புகிறது? சிலிண்டர் 50 மி.மீ., முழு வீச்சு 225 மி.மீ. என்றால் ஒரு அடிக்கு 0.44 லிட்டர். அதாவது நல்ல பம்பில் 45, 50 அடிக்குள் வாளி நிரம்ப வேண்டும். சிறுவர்கள் அரை வீச்சாக அடிப்பார்கள், அந்தக் கணக்கு உதவாது. பெரியவர் ஒருவரை முழு வீச்சில் அடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் எண்: தண்ணீர் நன்றாக விழும்வரை அடித்துவிட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். மறுபடி அடித்தால் எத்தனையாவது அடியில் தண்ணீர் பம்பின் வாய்க்கு வருகிறது? ஐந்துக்குள் வந்தால் சரி. அதற்கு மேல் போனால் பைப்பில் நின்ற தண்ணீர் எங்கோ கீழே இறங்கிவிடுகிறது. வரிசையில் முப்பது வாளி காத்திருக்கும்போது அரை மணி நேரம் பம்பை நிறுத்திவைப்பது லேசு இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், இந்த அரை மணி நேரம் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இரண்டு எண்ணையும் கமிட்டி நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.

கைப்பிடி கனமே இல்லாமல் தொங்குகிறது, சொட்டுத் தண்ணீர் இல்லை

நல்ல பம்பில் கைப்பிடியை விட்டால் தானாக மேலே எழும்பும், ஏனென்றால் மறுமுனையில், கைப்பிடியைப் பிளஞ்சரோடு இணைக்கும் ராடுகளின் எடை இழுக்கிறது. கைப்பிடி தொங்கிப் போய், சின்னப் பையன்கூட ஒரு விரலால் ஆட்டக்கூடிய அளவு லேசாக இருந்தால் ராடு கழன்றிருக்கிறது அல்லது ஒடிந்திருக்கிறது. மூடியைத் திறந்து, மேலே இருந்து இழுத்துப் பாருங்கள். எத்தனை ராடு வருகிறதோ அத்தனை ராடு ஆழத்தில் பிரச்சினை. ஒரு ராடு 3 மீட்டர்.

ராடுகள் கொக்கியும் கண்ணுமாக ஒன்றில் ஒன்று மாட்டியிருக்கும். பைப்புக்குள் இருக்கும்வரை கழலாது, வெளியே வந்து பக்கவாட்டில் சாய்த்தால் கழன்றுவிடும். கண் தேய்ந்து மெலிந்திருந்தால் அந்த ராடை மட்டும் மாற்றினால் போதாது, மற்ற எல்லாக் கண்ணையும் தடவிப் பாருங்கள். ஒரே நாளில் மாட்டியவை, ஒரே வயதுதான்.

எடுத்த ராடுகளைத் தரையில் போடாதீர்கள். ஆட்டுப் புழுக்கை கிடக்கும் மண்ணில் கிடந்த ராடு நேராகக் குடிதண்ணீருக்குள் இறங்கப் போகிறது. பெண்கள் இடுப்பில் கட்டும் சிட்டென்ஜே துணி ஒன்றை விரித்து அதன்மேல் அடுக்குவது அங்கே வழக்கம்.

கைப்பிடியில் எடை இருக்கிறது, ஆனால் வாளி நிரம்ப 80, 100 அடி ஆகிறது

இது அதிகம் பார்க்கும் கேஸ். அரை மணிச் சோதனையில் ஐந்து அடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் வாளி நிரம்பமாட்டேன் என்கிறது என்றால் பிளஞ்சரில் உள்ள யூ-சீல் தேய்ந்துவிட்டது. தூக்கும்போது தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே போகிறது. கறுப்பு ரப்பர் வளையம், உள்ளங்கைக்குள் அடங்கும். கூட்டம் அதிகமுள்ள பம்பில் இதை ஆண்டுக்கு ஒரு தடவையாவது மாற்றத்தான் வேண்டும். மலாவியில் ஒரு பம்புக்கு 250 பேர் என்பதுதான் கணக்கு. 600 பேர் வந்து அடிக்கும் பம்புகளும் உண்டு. அங்கே "ஆண்டுக்கு ஒரு தடவை" போதாது.

சீலை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதன் உதடு மேலே பார்த்திருக்க வேண்டும். மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் உதட்டை விரித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கிறது. சலிமா பக்கத்தில் ஒரு ஊரில் புது சீல் போட்டும் தண்ணீர் வரவில்லை என்று இரண்டாவது சீல் வாங்கினார்கள், மூன்றாவதும் வாங்கினார்கள். நான் போய் பிளஞ்சரை இழுத்துப் பார்த்தால் சீல் தலைகீழாக மாட்டியிருந்தது. மாட்டியது நான் பயிற்சி கொடுத்த ஆள்தான். நான் கரும்பலகையில் படம் வரைந்து காட்டினேனே தவிர, சீலை அவர் கையில் கொடுத்து மாட்டச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் பயிற்சியில் கரும்பலகை கிடையாது.

காலையில் நாற்பது அடி அடித்தால்தான் வர ஆரம்பிக்கிறது, அப்புறம் நன்றாக வருகிறது

இரவெல்லாம் பைப் காலியாகிறது என்று பொருள். குற்றவாளி இரண்டில் ஒன்று: ஃபுட் வால்வு அல்லது பைப்.

முதலில் சுலபமானதைப் பாருங்கள். ராடுகளையும் பிளஞ்சரையும் எடுத்துவிட்டு, கொக்கியை ராடு முனையில் மாட்டி இறக்கி ஃபுட் வால்வைப் பிடித்து இழுங்கள். அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கியிருக்கலாம், உள்ளே ஏறி இறங்கி வழியைத் திறந்து மூடும் பாபின் வெட்டுப்பட்டிருக்கலாம், ஒரு மணல் துகள் உட்கார்ந்து வால்வை மூடவிடாமல் செய்திருக்கலாம். பிளஞ்சருக்கும் ஃபுட் வால்வுக்கும் ஒரே பாபின்தான், ஆகவே ஒரு பை உதிரி வைத்திருந்தால் இரண்டுக்கும் ஆகும். திரும்பப் போடும்போது ஃபுட் வால்வைப் பைப்பில் போட்டுவிட்டு, பிளஞ்சரோடு ராடை இறக்கி அழுத்தி உட்கார வையுங்கள்.

புது ஓ-ரிங், புது பாபின் போட்டும் அடி எண்ணிக்கை குறையவில்லையா? பைப் கசிகிறது. எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பம்பை நன்றாக அடித்து நிரப்பிவிட்டு, ராடையும் பிளஞ்சரையும் எடுத்துவிட்டு, ஃபுட் வால்வை அப்படியே விட்டு, ஒரு மணி நேரம் காத்திருங்கள். பைப்புக்குள் நூலில் கல் கட்டி இறக்குங்கள். பிளக் என்று சத்தம் கேட்கும் ஆழத்தில் முடிச்சுப் போட்டு அளந்து பாருங்கள். தண்ணீர் ஓட்டை இருக்கும் இடம்வரை இறங்கி அங்கேயே நின்றிருக்கும். கிணற்றின் நீர்மட்டம்வரைக்கும் இறங்கியிருந்தால் ஓட்டை அதற்கும் கீழே, அல்லது ஃபுட் வால்வு இன்னும் சரியாக உட்காரவில்லை.

பைப்பை எடுக்க வேண்டி வந்தால் ஊரையே கூப்பிட வேண்டும். பிவிசி பைப் பசை போட்டு ஒட்டியது, கழற்ற முடியாது; ஒரே துண்டாக வரும். 30 மீட்டர் பைப் போர்வெல்லுக்குள்ளிருந்து எழும்பி வளைந்து, இருபது பேர் தோளில் ஏறி, சோளக்காட்டுக்குள் மெதுவாக நடந்து போகும். பாட்டு இல்லாமல் இந்த வேலை நடந்து நான் பார்த்ததில்லை. வளைவு அதிகமானால் பைப் ஒடியும், அதனால் முன்னால் போகிறவர்கள் அவசரப்படக் கூடாது. விரிசல் துண்டை அறுத்துவிட்டு, முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இணைப்புப் போட்டுப் பசை தடவுங்கள். அப்புறம் காத்திருக்க வேண்டும். பசை காயாமல் அதே சாயங்காலம் இறக்கினால் மறுநாள் சிலிண்டர் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். சிலிண்டரில் கட்டிய கயிறு நைந்துபோகாமல் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பைப் விட்டுப்போனால் அதுதான் கடைசிப் பிடி.

நாலு வாளி வருகிறது, நிற்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வருகிறது

பம்பில் ஒன்றும் இல்லை. ஸ்பானரைக் கீழே வையுங்கள். கிணற்றுக்குள் ஊறுவதைவிட வேகமாக எடுக்கிறார்கள், நீர்மட்டம் சிலிண்டருக்குக் கீழே போய்விடுகிறது.

மலாவியில் மழை நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை. நிலத்தடி நீர் அடியில் கிடப்பது அக்டோபர், நவம்பரில். மழை முடிந்த கையோடு மே மாதத்தில் துளை போட்டுச் சோதித்துவிட்டு "தாராளமாகத் தண்ணீர்" என்று எழுதிக் கொடுத்த கிணறு அக்டோபரில் இப்படித்தான் இளைக்கும். தண்ணீர் வந்தால்தான் கூலி என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் துளை போடுகிறவர் முதல் ஈரம் கண்டதும் நிறுத்திவிடுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்பந்தம் எழுதியவரைக் கேட்க வேண்டும்.

செய்யக்கூடியது: பைப்பை எடுக்கும்போது துளையின் மொத்த ஆழத்தையும் நூல் விட்டு அளங்கள். சிலிண்டருக்குக் கீழே இன்னும் ஆறேழு மீட்டர் இருந்தால் ஒரு பைப், ஒரு ராடு சேர்த்து மூன்று மீட்டர் இறக்கலாம். ஆஃப்ரிடெவ் 45 மீட்டர்வரை வேலை செய்யும். துளை போட்டபோது எழுதிய ஆழத்தைவிட இப்போது குறைவாக இருந்தால் வண்டல் மூடியிருக்கிறது, அதைக் கம்ப்ரஸர் வைத்து ஊதி எடுக்க வேண்டும்; கிராமத்தால் ஆகாது, மாவட்டத் தண்ணீர் அலுவலகத்திடம் போக வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் நேரம் பிரித்து எடுப்பதுதான் வழி. காலையில் இந்தப் பக்கத்து வீடுகள், சாயங்காலம் அந்தப் பக்கம்.

கிரீச் சத்தம், கைப்பிடி பக்கவாட்டில் ஆடுகிறது

கைப்பிடி அச்சில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்துவிட்டது. மலிவான பாகம், இரண்டு நிமிட வேலை, ஆகவே யாரும் செய்வதில்லை. தண்ணீர்தான் வருகிறதே! அந்த ஆட்டம் ராடைப் பைப்பின் உள்சுவரில் உரசவைத்து உரசவைத்து, ஒரு நாள் மேலே சொன்ன இருபது பேர் வேலையைக் கொண்டுவந்து நிறுத்தும். எண்ணெய் ஊற்றாதீர்கள், இது எண்ணெய் இல்லாமல் ஓடச் செய்த புஷ், எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும்.

தண்ணீர் சிவப்பாக வருகிறது, துணி கறைபடுகிறது

இரும்பு. ஆனால் எந்த இரும்பு? விடியற்காலை முதல் வாளியை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். விடாமல் அரை மணி நேரம் அடித்துவிட்டு இன்னொரு பாத்திரத்தில் பிடியுங்கள். முதலில் சிவந்து பிறகு தெளிந்தால் துருப்பிடித்த ராடுதான் காரணம். தண்ணீரில் அமிலத்தன்மை இருக்கிறது, துருப்பிடிக்காத ராடாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் பாறையிலேயே இரும்பு இருக்கிறது, ராடு மாற்றினால் பணம் வீண்.

மழைக்குப் பிறகு கலங்கல், வீடுகளில் வயிற்றுப்போக்கு

இங்கே தாமதம் கூடாது. 2022 மார்ச்சில் மச்சிங்கா மாவட்டத்தில் தொடங்கிய காலரா அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் பரவி 1,700-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. நடுவில் 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வேறு தெற்கை மூழ்கடித்தது.

முதலில் பம்பைச் சுற்றியுள்ள சிமென்ட் மேடையைக் குனிந்து பாருங்கள். விரிசல் இருந்தால், சிந்திய தண்ணீர் வாய்க்கால் வழியாகப் போகாமல் மேடையடியில் தேங்கினால், அந்த அழுக்கு கேசிங் ஓரமாக, அதாவது துளைக்குள் சுவர்போல இறக்கிய குழாயின் ஓரமாக, இறங்குகிறது. பக்கத்தில் கழிப்பறைக் குழி இருக்கிறதா? 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். விரிசலைப் பூசி, வாய்க்காலைச் சரிசெய்தபிறகுதான் குளோரின். ஓட்டையை விட்டுவிட்டுக் குளோரின் போட்டால் ஒரு வாரம் நிம்மதி, அவ்வளவுதான்.

அளவு இப்படி: உள் விட்டம் 100 மி.மீ. கேசிங்கில் ஒரு மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர். துளைக்குள் 30 மீட்டர் தண்ணீர் நின்றால் 240 லிட்டர். லிட்டருக்கு 100 மி.கி. குளோரின் வேண்டும், ஆக 24 கிராம். 70 சதவீதக் குளோரின் தூளாக இருந்தால் சுமார் 34 கிராம் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். ஃபுட் வால்வு இருக்கும்போது பைப்பில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகாது, அதனால் அதை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, பம்பின் வாயில் குளோரின் நாற்றம் வரும்வரை அடித்து, இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் நாற்றம் போகும்வரை அடித்துக் கொட்ட வேண்டும், காய்கறித் தோட்டத்துப் பக்கம் விடாமல். அதுவரை பம்பருகே இரண்டு பேர் காவல் இருக்கட்டும். தாகத்தோடு வருகிற குழந்தைக்கு அறிவிப்புப் பலகை தெரியாது.

உப்புக் கரிக்கிறது

ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கில், சிக்வாவா, ன்சாஞ்சே பக்கம், நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புதான். பம்பில் எதை மாற்றினாலும் மாறாது. வேறு இடம் பாருங்கள்.

மூன்று மாதமாக நிற்கிறது, திறந்து பார்த்தால் ஒரு சீல்தான்

2009-இல் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் கணக்கைத் தொகுத்தபோது மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட அடிபம்புகள் ஓடவில்லை. அவற்றில் எத்தனையோ, இப்படி ஒரு ரப்பர் வளையத்துக்காக நின்றவை என்பது என் எண்ணம். பம்பு பழுதாவதில் ஆச்சரியமில்லை. பழுதாகி எத்தனை நாள் நிற்கிறது என்றுதான் கேட்க வேண்டும், அதற்கு விடை பம்புக்குள் கிடைக்காது.

கமிட்டியை உட்காரவைத்து (பொதுவாகப் பத்துப் பேர், பாதிக்கு மேல் பெண்கள்) இதை விசாரியுங்கள்: கடைசியாக எப்போது பணம் வசூலித்தீர்கள்? ஜனவரியில் கெட்டு, கெட்டபிறகு வசூலிக்கக் கிளம்பினால் ஒரு குவாச்சாகூட வராது. அது பஞ்ச மாதம், பழைய சோளம் தீர்ந்து புதுச் சோளம் வராத நேரம். வசூல் மே, ஜூனில் நடக்க வேண்டும், அறுவடை கையில் இருக்கும்போது, பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது. ஓடுகிற பம்புக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பார்கள். கொடுப்பதில்லைதான். ஆனால் சீல், ஓ-ரிங், பாபின், புஷ் நான்கையும் கூட்டத்தில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் விலையையும் சொல்லி, "இவ்வளவுதான் ஆண்டுச் செலவு" என்று காட்டினால் கொஞ்சம் மாறும்.

வசூலான பணத்தைப் பெட்டியில் வைத்தால் சாவுச் செலவுக்கோ, தலைவர் வீட்டு விருந்துக்கோ போய்விடும். சில கமிட்டிகள் அதை ஊர்ப் பெண்களின் 'பாங்கி ம்கோண்டே'யில், அதாவது திண்ணை வங்கியில், கடனுக்கு விடுகிறார்கள். வட்டியும் சேரும், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

பணம் இருந்தும் நிற்கிறது என்றால் கடை எங்கே, ஏரியா மெக்கானிக் யார், அவருக்குக் கூலி யார் தருவது என்று கேளுங்கள். "கிணறு போட்டவர்கள் வந்து பார்ப்பார்கள்" என்று பதில் வந்தால், மேடையில் பதித்திருக்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். ஊர் பெயர் சில சமயம் இருக்காது. கிணற்றை ஊருக்கு ஒப்படைத்ததாக ஒரு காகிதமாவது, அந்த நிலத்துக்காரர் தன் வாரிசுகள் உரிமை கேட்கமாட்டார்கள் என்று ஊர்த் தலைவர் முன்னால் சொன்னதற்கு ஒரு பதிவாவது இருக்கிறதா? இல்லையென்றால் சீல் வாங்குவதற்கு முன் அதை எழுதுங்கள். இலவசமாகச் சீல் கொடுத்துவிட்டு வருவதும் உதவி இல்லை. பக்கத்துச் சந்தையில் பாகம் விற்கும் கடைக்காரர் அந்த ஆண்டு சரக்கு எடுக்கமாட்டார்.

தண்ணீர் வருகிறது, ஆனால் கைப்பிடியில் பூட்டு

இரவில் போல்ட்டையும் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இரவுப் பூட்டு நியாயம். பகலிலும் பூட்டு என்றால் பணம் கட்டாதவர்களைத் தடுக்கிறார்கள். நோட்டை வாங்கி யார் யார் கட்டவில்லை என்று படியுங்கள். பெரும்பாலும் கிழவிகள், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வைத்திருக்கும் பாட்டிகள். அவர்கள் ஓடைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கமிட்டியிடம் பேசி, இந்த வீடுகள் பணத்துக்குப் பதில் மேடையைப் பெருக்கட்டும், வாய்க்காலைத் தூர் எடுக்கட்டும், முடியாதவர்களுக்கு அதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, அந்த முடிவைத் தலைவர் கையெழுத்தோடு, அடி எண்ணிக்கை எழுதிய அதே நோட்டில் எழுதவையுங்கள். பூட்டின் சாவி ஒன்று பம்புக்கு மிக அருகில் இருக்கும் வீட்டுப் பெண்ணிடம் இருக்கட்டும். விடிய நாலு மணிக்கே வாளியோடு வருகிறவர்களுக்குத் திறந்துவிட வேண்டியது அவர்தான்.